கரிமருந்தும் கைப்பக்குவமும்

மணியாச்சி என்றதும் நினைவுக்கு வருவது 1911 ஜூன் 17. அன்று ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பிரவுனிங் கைத்துப்பாக்கியால். அது தோட்டா யுகத்தின் ஆயுதம். அதற்கு நூறாண்டுக்கு முன் இந்தக் கரிசல் சீமையில் முழங்கியவை வேறு ரகம். மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே போட்டு, கோலால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கிகள் அவை. மணியாச்சியும் அன்று ஒரு பாளையம். அதன் அண்டைப் பாளையமான பாஞ்சாலங்குறிச்சியில்தான் அந்தத் துப்பாக்கிகளின் பலமும் பலவீனமும் ஒருசேர வெளிப்பட்டன.

இந்தக் கலையில் மூத்தது திரி மரபு. கனன்றுகொண்டிருக்கும் திரியை விசை இழுத்துக் கிண்ணியில் வைக்கும். அங்குள்ள பொடி பற்றி, சிறு துளை வழியே தீ உள்ளே பாயும். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த பழைய ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அடுத்தது சக்கிமுக்கிக் கல் மரபு. கல் எஃகில் உரசித் தெறிக்கும் பொறியே அதற்குத் தீ. கிழக்கிந்தியக் கும்பினிப் படை இந்த ரகத்தைத்தான் சுமந்து வந்தது.

கும்பினிச் சிப்பாய் எவ்வளவு பழகியவனானாலும் நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுட முடியும். குழலுக்குள் குண்டு தளர்வாக இருப்பதால் 100 கஜத்துக்கு அப்பால் குறி என்ற பேச்சே இல்லை. அவன் மறுபடி கெட்டிக்கும் நேரத்துக்குள் பாளையக்காரர்களின் நீண்ட வேல் நெஞ்சருகே வந்துவிடும். 1801 மார்ச் 31 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய கும்பினிப் படையைப் பாளையத் தலைவன் ஊமைத்துரையின் ஆட்கள் விரட்டியடித்தார்கள். பெரிய பீரங்கிகள் வந்த பிறகு, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று வெளியான அறிக்கை, பாளையத்து மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. கரிசல் மண்ணில் இந்தக் கலை தொடர்ந்து வளராமல் போனதற்கு அது பெரிய காரணம்.

தொலைதூரக் குறி என்பது குழலின் உட்புறத்தில் திருகுவரி வெட்டிய பிறகு வந்த பேறு. வரியைப் பற்றிச் சுழன்று வரும் குண்டு தடுமாறாமல் பறக்கும். 1857 கிளர்ச்சிக்குப் பொறியாக அமைந்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள், திருகுவரி போட்ட என்ஃபீல்டு துப்பாக்கிக்கானவை. விட்வொர்த் என்ற பொறியாளர் குழலின் உட்புறத்தையே அறுகோணமாக வடித்தார். 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில், தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியின் கயிற்றை விக்டோரியா மகாராணி இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் மையத்தை ஒட்டியே குண்டு பதிந்தது.

1874இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் நடந்த போட்டி இன்றும் பேசப்படுகிறது. தூரம் 800, 900, 1000 கஜம். அயர்லாந்து அணி வாய்வழி கெட்டிக்கும் ரிக்பி துப்பாக்கிகளோடும், அமெரிக்க அணி பின்வழித் துப்பாக்கிகளோடும் இறங்கின. 934க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவரின் குண்டு அடுத்தவர் இலக்கில் போய்ப் பட்டதால் கணக்கில் சேரவில்லை. தோற்றது துப்பாக்கி அல்ல.

இன்று இந்தக் கலைக்கு அளவுகோல் வகுப்பது எம்.எல்.ஏ.ஐ.சி. என்ற சர்வதேசக் குழு. அதன் வழக்கமான போட்டியில் அரை மணி நேரத்தில் 13 முறை சுடலாம். அவற்றில் சிறந்த 10 மட்டும் கணக்கில் சேரும். ஜப்பானியத் திரித் துப்பாக்கிக்கென்றே ‘தனெகாஷிமா’ பிரிவு உண்டு. நம் திரித் துப்பாக்கிகளோ அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் நின்றுவிட்டன.

இந்தக் குழுவின் விதிகளில் முதன்மையானது, மருந்தை ஒவ்வொரு வேட்டுக்கும் முன்கூட்டியே அளந்து தனித்தனிக் குப்பியில் கொண்டுவர வேண்டும் என்பது. பெரிய குடுவையிலிருந்து நேரே குழலில் கொட்டினால், உள்ளே மிச்சமிருக்கும் ஒரு கங்கு போதும். குடுவையே கையில் வெடிக்கும். மருந்து கரிமருந்தாகவே இருக்க வேண்டும். இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தின் அழுத்தத்தைப் பழைய குழல் தாங்காது.

அதற்குப் பிறகு எல்லாம் கையின் வேலை. குண்டு மருந்தின் மேல் இடைவெளியின்றி உட்கார வேண்டும். பாதி வழியில் நின்றால் குழல் பிளக்கும். அதனால்தான் தேர்ந்தவர்கள் கோலில் இரண்டு கோடு கீறி வைக்கிறார்கள். ஒன்று வெறும் குழலுக்கு, மற்றது சரியாகக் கெட்டித்த குழலுக்கு. மருந்து போடாமல் விட்டதையும் இருமுறை போட்டதையும் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். கெட்டிக்கும்போது முகம் குழல் வாய்க்கு நேரே வரக்கூடாது. கேப், அதாவது சுத்தியல் தட்டினால் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ள துப்பாக்கியில் அதைப் பொருத்துவது சுடும் இடத்துக்குப் போன பிறகுதான். விசை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்குப் பக்கமே நீட்டியபடி காத்திருக்க வேண்டும். தீ தாமதமாக உள்ளே போய்ச் சேருவதுண்டு.

1000 கஜத்தில் குறி தப்பாமல் இருப்பதும் இதே ஒழுங்கால்தான். ஒரே அளவு மருந்து, ஒரே அழுத்தம், ஒவ்வொரு வேட்டுக்கும் பின் ஒரே மாதிரித் துடைப்பு. இதில் பிசகினால் முதலில் குறி போகும். அடுத்துக் கையே போகும்.

நம் நாட்டில் துப்பாக்கி மரபு உயிரோடிருக்கும் இடங்களில் ஒன்று குடகு. துப்பாக்கிக்கு உரிமம் பெறுவதிலிருந்து குடவர்களுக்கு விலக்கு உண்டு. கைல்போது திருநாளில் துப்பாக்கிகளுக்குப் பூசை செய்கிறார்கள். மற்றவர்களுக்குப் பொதுவாக 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உண்மையான பயிர்க் காவலுக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைக்க அச்சட்டமே வழி சொல்கிறது.

கரிசல் ஊர்களில் பரணிலோ பழைய பெட்டியிலோ தாத்தா காலத்துத் துப்பாக்கி கிடந்தால், உள்ளே மருந்து இருப்பதாகவே எண்ணுங்கள். குழலைக் குடையாதீர்கள், தீயருகே கொண்டுபோகாதீர்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, அது அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர வழி கேளுங்கள்.