பத்து நிமிட மௌனமும் தாவீதின் புலம்பலும்

பாப் இசைப் பாடகர் ஜான் லென்னான் 1980 டிசம்பர் 8 ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரில் தாம் குடியிருந்த மாளிகையின் வாயிலிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு அப்போது வயது 40. அடக்க ஆராதனை எதுவும் நடைபெறவில்லை; இரண்டு நாள்களில் உடல் எரியூட்டப்பட்டது. அதற்கு மாறாக, அவருடைய துணைவியார் யோகோ ஓனோ ஒரு வேண்டுகோள் விடுத்தார். டிசம்பர் 14 ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு, அவரவர் இருக்கும் இடத்திலேயே பத்து நிமிடம் மௌனமாயிருந்து அவருக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்டார். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஓர் இலட்சம் பேருக்கு மேல் கூடினர் என மதிப்பிடப்பட்டது. அவர் பிறந்த லிவர்பூல் நகரில் ஏறத்தாழ 30,000 பேர் நின்றனர். நியூயார்க்கின் வானொலி நிலையங்கள் பலவும் அந்நேரத்தில் ஓசையடங்கின.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் குறித்துப் பேசும்போது நம் பிரசங்க பீடங்கள் பெரும்பாலும் ஒரே சொல்லோடு நின்றுவிடுகின்றன. அச்சொல் 'விக்கிரக ஆராதனை' என்பதாகும். அதில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும் அது எளிதிற் கிடைத்த விடையாதலால் ஐயத்திற்குரியது. ஞாயிற்றுக்கிழமையன்று, ஆலயத்திற்குச் சென்றிராத இளைஞர் பெருந்திரளாகக் குளிரில் நின்று, போதகர் ஒருவரும் நடத்தாத ஒரு வழிபாட்டில் பத்து நிமிடம் வாய்திறவாதிருந்தார்கள் என்றால், அவர்கள் எதைச் செய்தார்கள் என்று முதலில் கேட்டறிவது இறையியல் மாணாக்கரின் கடமையன்றோ? நம் சபைகளில் அறிவிக்கப்படும் ஒரு நிமிட மௌனமே இருமலும் செருமலுமாய்க் கழிவதை நாம் அறிவோம்.

மௌனம் திருமறைக்குப் புதிதன்று. யோபின் நண்பர் மூவரும் ஏழு நாள் தரையில் அவனோடு அமர்ந்து ஒரு சொல்லும் பேசாதிருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் நன்று அதுவே. வாய்திறந்த பின்னரே குற்றவாளிகளாயினர். எனவே மௌனத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை. எழும் கேள்வி வேறு: வேண்டிக்கொள்ளச் சொன்ன அவ்வம்மையார் யாரிடம் வேண்டிக்கொள்வது என்று சொல்லவில்லை. திரண்டிருந்தோரில் ஒவ்வொருவரும் தத்தம் உள்ளத்தில் தோன்றிய முகவரிக்கு அதனை அனுப்பியிருப்பர். முகவரியற்ற புலம்பல் புலம்பலாகுமா?

ஆகாது என்று எழுதிவிடவே கை துடிக்கிறது. ஆனால் 2 சாமுவேல் முதல் அதிகாரம் குறுக்கே நிற்கிறது. சவுலுக்கும் யோனத்தானுக்குமாகத் தாவீது பாடிய அப்புலம்பலை மாணாக்கர் மீண்டும் ஒருமுறை எடுத்துப் படிப்பார்களாக. அதில் கடவுளின் திருப்பெயர் ஓரிடத்திலும் இல்லை. மலைகளை நோக்கிப் பேசுகிறான், இஸ்ரவேலின் பெண்களை அழைக்கிறான், இறந்த நண்பனையே விளித்துக் கதறுகிறான், ஆண்டவரை அழைக்கவில்லை. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையும் அங்கே பேசப்படவில்லை. நம் பழந்தமிழ்ப் புறத்துறைகளுள் கையறுநிலை என்பதன் அருகே வைக்கத்தக்க பாடல் அது. அதனை யூதாவின் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி தாவீது கட்டளையிட்டான். திருச்சபையும் அதனைத் திருமறையிலிருந்து விலக்கவில்லை. கடவுளின் பெயர் சொல்லப்படாத துக்கம் கடவுளுக்குப் புறம்பான துக்கம் என்று தீர்ப்பிடும் உரிமையை இவ்வதிகாரம் நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது.

எனினும் அதே புலம்பல் வேறொரு குறையையும் காட்டித் தருகிறது. தன்னைக் காடுமேடெல்லாம் துரத்திய சவுலைத் தாவீது அன்புக்குரியவன் என்றே பாடினான். இறந்தவரைத் துலக்கிக் காட்டுவது மனித இயல்பு. லென்னான் இறந்த வாரத்திலேயே அவர் சமாதானத்தின் தூதராகவும் ஏறக்குறையத் தியாகியாகவும் ஆகிவிட்டார். தாம் பெண்களை அடித்ததுண்டு என்பதை அவ்வாண்டில் அளித்த நேர்காணலில் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். உலகுக்குச் சமாதானம் சொன்ன தந்தை தம் வீட்டில் அதனைக் காட்டவில்லை என்ற பொருள்பட மூத்த மகன் ஜூலியன் பிற்காலத்தில் பேசினார். துக்கங்கொண்டாடிய கூட்டம் இவற்றைக் கேட்க விரும்பவில்லை. (நம் அடக்க ஆராதனைகளின் புகழுரைகளைக் கேட்டிருப்பவர் எவரும் அக்கூட்டத்தின்மேல் முதற்கல் எறியத் துணியார்.) வணிகமும் துக்கத்தின் பின்னே வந்தது. நவம்பரில் வெளிவந்திருந்த 'டபுள் ஃபேண்டசி' இசைத்தட்டின் விற்பனை பெருகியது. சமயமும் விண்ணுலகும் இல்லாததோர் உலகை நினைத்துப் பார்க்கச் சொல்லும் அவருடைய 'இமாஜின்' பாடல், பாடி ஒன்பதாண்டுகளுக்குப் பின், 1981 ஜனவரியில் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

திருச்சபை இத்துக்கத்தின் வெளியே நின்ற பார்வையாளர் அன்று. லென்னான் சிறுவயதில் லிவர்பூலின் உல்ட்டன் பகுதியிலுள்ள தூய பேதுரு ஆலயத்தில் ஞாயிறு பள்ளி மாணவராகவும் பாடகர் குழுவினராகவும் இருந்தவர். பால் மெக்கார்ட்னியை அவர் முதன்முதலாகச் சந்தித்ததும் 1957 ஜூலை 6 அன்று அவ்வாலயத்தின் விழாவிலேதான். பீட்டில்ஸ் குழுவினராகிய தாங்கள் இயேசுவைவிட அதிகப் புகழ்பெற்றுவிட்டதாக 1966 இல் அவர் சொன்னது அமெரிக்கப் பத்திரிகையொன்றில் மறுபடி அச்சானபோது, தென்மாநிலங்களில் இசைத்தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினர். ஆகஸ்டில் சிக்காகோவில் அவர் வருத்தம் தெரிவித்தார். இங்கிலாந்தின் இளைஞரிடையே சபை தேய்ந்து வருவதைக் கண்டு சொன்ன சொல்லாக அதனை ஏற்று ஆராய்ந்த போதகர் சிலரே. தீ மூட்டியோர் பலர்.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவரைச் சுட்டவன், அவ்விசையை நேசித்து வளர்ந்து, பின்பு மறுபடியும் பிறந்த கிறிஸ்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் சிறுவரிடையே பணியாற்றிய இளைஞன். அன்று மாலையில் அவரிடமே இசைத்தட்டில் கையொப்பமும் பெற்றிருந்தான். 1966 இன் தீயிலிருந்து 1980 இன் துப்பாக்கிக்கு நேர்க்கோடு வரைவது நேர்மையாகாது. புகழ்வேட்கையே தன்னைத் தூண்டியதென்று அவனே பிற்காலத்தில் கூறினான். ஆனால் பழைய அந்த வாக்கியத்தின்மேல் அவன் கொண்டிருந்த சினமும் பதிவாகியுள்ளது. அச்சினத்திற்குரிய சொற்களை அவன் எங்கே கற்றான்? நம் ஆராய்ச்சி தயங்கி நிற்க வேண்டிய இடம் இதுவே.

2009 மே மாதத்தில் லிவர்பூல் ஆங்கிலிக்கன் பேராலயத்தின் மணிகளில் 'இமாஜின்' பாடலின் இசை ஒலித்தது. எதிர்ப்பும் எழுந்தது. தீ மூட்டியதற்குக் கழுவாய் இது எனச் சிலர் மகிழக்கூடும், நான் மகிழவில்லை. அப்பாடல் சபையோடு வாதிடும் பாடல். வாதத்தை எதிர்கொள்ளாமல் இராகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, இறந்தவரையும் மதிப்பதன்று.

சென்ட்ரல் பார்க்கில் 1985 அக்டோபர் 9 அன்று, அவர் உயிரோடிருந்தால் 45 ஆவது பிறந்தநாள், இரண்டரை ஏக்கர் நிலம் நினைவிடமாக அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளிலும் டிசம்பர் 8 இலும் மக்கள் அங்கே கூடிப் பாடுகின்றனர். அதற்கு இடப்பட்ட பெயர் 'ஸ்டிராபெரி ஃபீல்ட்ஸ்'. அப்பெயர் அவர் எழுதிய பாடலிலிருந்து வந்தது. பாடலுக்கோ, அவர் வளர்ந்த வீட்டின் அருகே இரட்சணிய சேனை நடத்திய சிறுவர் இல்லத்திலிருந்து வந்தது. அந்த இல்லம் 2005 இல் மூடப்பட்டது. அதன் வாயிற்கதவருகே வந்து சுவரிலே கிறுக்கிச் செல்லும் இரசிகர்களைச் சேனையார் பல்லாண்டுகள் பொறுத்திருந்தனர். 2019 இல் வாயிலைத் திறந்துவிட்டனர். கற்றல் குறைபாடுடைய இளைஞருக்கு வேலைப் பயிற்சி இப்போது அங்கே நடைபெறுகிறது. பாடகரைத் தேடி வருவோர் செலுத்தும் கட்டணமும் அப்பணிக்கு உதவுகிறது.