வண்டியின் வயிற்றில் ஊர்ப்பேர்

வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை இருந்தால் சோபாவுக்கு அடியில் கை விட்டுத் துழாவுங்கள். ஒரு குட்டிக் கார் நிச்சயம் அகப்படும். தூசி தட்டி, மேல்புறம் பார்க்காமல், கவிழ்த்துப் பாருங்கள். எழுத்து ரொம்பப் பொடி, கண்ணாடி தேவைப்படும். காரின் பேர் இருக்கும், பொம்மைக் கம்பெனியின் பேர் இருக்கும், கூடவே ஒரு நாட்டின் பேர். அமெரிக்காவின் ஃபோர்டு மஸ்டாங்குக்கு வயிற்றில் மேட் இன் மலேசியா. இத்தாலியின் லம்போர்கினிக்கு மேட் இன் தாய்லாந்து.

நிஜக் காருக்கு ஒரு பிறந்த ஊர், அதன் பொம்மைக்கு இன்னொன்று. டைகாஸ்ட் கார் சேர்ப்பவர்கள் (பாதிப்பேர் மீசை நரைத்தவர்கள்) முதல் ஊரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். இரண்டாவது ஊரை விலைக்காக மட்டும் பார்ப்பார்கள். ஒரே கார், ஒரே நிறம், வயிற்றில் நாடு மாறினால் விலை மாறும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அதற்கு மேல் அந்த எழுத்தைப் படிப்பதில்லை என்பதுதான் என் புகார். படித்தால் அங்கே ஒரு நல்ல கதை இருக்கிறது. நம் ஊர்க் கதையும் அதில் உண்டு.

முதலில் கொஞ்சம் சமையல் குறிப்பு. துத்தநாகத்தோடு நூற்றுக்கு நாலு பங்கு அலுமினியம், சிட்டிகை மக்னீசியம், துளி செம்பு. சுமார் 385 டிகிரியில் உருகிவிடும். அதை எஃகு அச்சுக்குள் அழுத்திப் பாய்ச்சினால் சில நொடியில் ஒரு கார் உடம்பு வெளியே விழும். கலவையில் ஈயம் சேர்ந்தால் போச்சு. யுத்தத்துக்கு முந்தைய டிங்க்கி கார்கள் பல, அலமாரியில் வைத்த இடத்திலேயே விரிசல் விட்டு உதிர்ந்திருக்கின்றன. மருந்தில்லாத வியாதி.

உலோகம் சல்லிசு. செலவெல்லாம் அச்சில். ஓர் எஃகு அச்சைக் குடைந்து, இழைத்து, கெட்டிப்படுத்த ஆகும் பணத்தை லட்சக்கணக்கில் பொம்மை விற்றுத்தான் எடுக்க முடியும். ஆகவே அச்சை யாரும் தூக்கி எறிவதில்லை. கம்பெனி நொடித்தாலும் அச்சு சாகாது. கப்பலேறி வேறு தேசத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடும்.

லண்டனில் 1947இல் லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்று இரண்டு பேர் (உறவில்லை, பெயர்தான் ஒற்றுமை) லெஸ்னி என்ற வார்ப்புக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். பட்டறை, பழைய மதுக்கடை ஒன்றில். ஜாக் ஓடெல் என்ற கெட்டிக்கார அச்சுக்காரர் வந்து சேர்ந்தார். அவர் மகள் படித்த பள்ளியில் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைதான் கொண்டுவரலாம் என்று சட்டமாம். அப்பா பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து கொடுத்தார். 1953இல் மேட்ச்பாக்ஸ் பிறந்தது.

அதன் முதல் வரிசையைப் பாருங்கள். ரோடு ரோலர், மண் அள்ளும் டம்ப்பர், சிமென்ட் கலக்கும் மிஷின், டிராக்டர், லண்டன் சிவப்பு பஸ், குதிரை இழுக்கும் பால் வண்டி. ஒரு பந்தயக் கார் கிடையாது. யுத்தத்தில் இடிந்த ஊரைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த தெருவில் என்ன ஓடியதோ அதுதான் பெட்டிக்குள் வந்தது. அந்தச் சிவப்பு பஸ் இன்றைக்கும் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, சக்கரம் வெறும் உலோக வட்டு. ஆனால் அந்த பஸ்ஸில் தினம் வேலைக்குப் போன ஆள் செய்தது என்பது அதன் நெற்றியிலேயே தெரியும். எவ்வளவு உயரம், எங்கே லேசாக வளைவு என்பதையெல்லாம் அளந்து பார்க்காமலே தெரிந்த கை.

1982இல் லெஸ்னி திவாலானது. ஹாங்காங் கம்பெனி வாங்கியது. உற்பத்தி மக்காவ், பிறகு சீனா. சில அச்சுகள் பல்கேரியாவுக்குக்கூடப் போய் உழைத்தன. 1997இல் எல்லாம் அமெரிக்க மேட்டல் கைக்கு வந்து, இன்று வயிற்றில் பெரும்பாலும் தாய்லாந்து. தாய்லாந்துத் தொழிலாளியின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓடெல் காலத்தைவிட வர்ணம் சுத்தம். ஆனால் எந்தக் காரை வார்ப்பது என்று முடிவு செய்கிறவர் ஓரிடம், வார்க்கிறவர் ஓரிடம், வாங்குகிறவர் மூன்றாமிடம். மூவருக்கும் பொதுவாக ஒரு தெரு இல்லை. பொதுவாக இருப்பது யாருமே ஓட்டாத கார். கடைக் கொக்கியில் லம்போர்கினிகளும், நெருப்பு கக்கும் கற்பனை வண்டிகளும் ஏன் இத்தனை தொங்குகின்றன என்பதற்கு என் விளக்கம் இதுதான்.

இனி கல்கத்தா. லிவர்பூலில் 1934 முதல் டிங்க்கி என்ற பெயரில் கார் செய்த மெக்கானோ கம்பெனி, 1960களின் கடைசியில் தன் பழைய அச்சுகள் சிலவற்றைக் கல்கத்தாவுக்கு விற்றது. அங்கே டிங்க்கி என்ற எழுத்தைச் சுரண்டிவிட்டு, நிக்கி என்று பேர் வைத்து வார்த்தார்கள். ஜாகுவார் மார்க் டென், மெர்சிடஸ் 220. தேய்ந்த அச்சு ஆதலால் ஓரங்கள் மழுங்கல், வர்ணம் தடிப்பு. இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அபூர்வம் என்பதற்காக, அழகு என்பதற்காக அல்ல.

அதே சமயம் ஹூக்ளி ஆற்றங்கரையில் சில மைல் வடக்கே, உத்தர்பாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரை அடுக்கடுக்காக இறக்கிக்கொண்டிருந்தது. கல்கத்தாப் பையன் ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்க அம்பாசிடர். கையில் வைத்து விளையாடியதோ ஜாகுவார். டிங்க்கியிடம் அம்பாசிடர் அச்சு ஏது?

இங்கேதான் எனக்கு சுவாரசியம் தட்டுகிறது. அம்பாசிடர் மட்டும் என்னவாம்? இங்கிலாந்தில் கௌலி என்ற ஊரில் 1956 முதல் சில வருஷம் செய்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் அது. அங்கே அலுத்துப்போன வடிவத்தின் கருவிகள் இங்கே வந்தன. 1957இல் தொடங்கி 2014 மே வரை ஓடின. பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100 பத்மினி ஆனதும் இதே மாதிரிதான். நிக்கி ஜாகுவாரும் அம்பாசிடரும் அண்ணன் தம்பி. வெளியூரில் ரிட்டயர் ஆன அச்சு இங்கே மறு உத்தியோகம் பார்த்தது. புது அச்சுக்குப் பணமும் பர்மிட்டும் இல்லாத தேசத்தில் பெரிய காருக்கும் சின்னக் காருக்கும் ஒரே தலையெழுத்து.

இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. இரவல் அச்சை வைத்துக்கொண்டு நம்மவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சென்னைக்காரர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கும். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்தது. மூலம் இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியர் மிச்செலோட்டி. அங்கே அது இரண்டு கதவு வண்டி. முன்சீட்டை மடக்கி, குனிந்து, பின்னால் போக வேண்டும். மாமியாரைப் பின்சீட்டில் ஏற்றும் தேசத்துக்கு இது சரிப்படுமா? 1960களின் கடைசியில் மெட்ராஸில் அதற்கு நாலு கதவு வைத்தார்கள். இங்கிலாந்திலேயே இல்லாத ஹெரால்டு. பிறகு கெஸல் என்று ஒன்றும் வந்தது. சேலை கட்டியவர்கள் கௌரவமாக ஏறி இறங்குவதற்காகச் சென்னை யோசித்துச் செய்த உடம்பு அது.

டிங்க்கியும் கார்கியும் ஹெரால்டை வார்த்திருக்கின்றன. இரண்டுமே இரண்டு கதவு. சென்னையில் பழைய கார் பிரியர்கள் ஏலத்தில் பவுண்டு கொடுத்து அதை வரவழைத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, “எங்க அப்பா வண்டி” என்று காட்டுகிறார்கள். அப்பா வண்டியில் நாலு கதவு சார். நீங்கள் வைத்திருப்பது லண்டன்காரர் யாரோ ஒருவருடைய அப்பா வண்டி.

ஜப்பான்காரன் இந்த விஷயத்தில் உஷார். அங்கேயும் பிள்ளைகள் வெளிநாட்டுக் கார் பொம்மைகளைத்தான் உருட்டிக்கொண்டிருந்தார்கள். 1970இல் டோமி கம்பெனி, டோமிகா என்ற பெயரில் ஆறு கார் கொண்டுவந்தது. ஆறும் ஜப்பான் கார். பிரமாதமான டொயோட்டா 2000 ஜிடி உண்டு, ஆனால் பக்கத்தில் சாதாரண கொரோனா மார்க் டூவும், கிரௌன் போலீஸ் காரும் உண்டு. இன்று டோமிகா வயிற்றில் வியட்நாம் என்று இருக்கிறது. இருந்தாலும் குப்பை லாரியும் டவுன் பஸ்ஸும் வரிசையில் இன்னும் இருக்கின்றன. தேர்வு செய்கிற கண் ஊரை விட்டுப் போகவில்லை. எத்தனையில் ஒரு பங்கு என்ற அளவையும் அடியில் ஒழுங்காக அச்சடித்துவிடுகிறார்கள், அந்த நேர்மையும் எனக்குப் பிடிக்கும். சோவியத்காரர்கள்கூட, ஃபியட்டிடம் கடன் வாங்கிய லாடாவையும் தங்கள் மாஸ்க்விச், வோல்காவையும் நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகக் கதவு திறக்கும்படி வார்த்து ஊர் உலகுக்கெல்லாம் அனுப்பினார்கள். வெட்கப்படவில்லை.

நம் பக்கம் சென்டி என்ற தில்லிக் கம்பெனியின் பிளாஸ்டிக் அம்பாசிடர் உண்டு. பின்னால் இழுத்து விட்டால் ஓடும். சேகரிப்பாளர்கள் அதைச் சீந்துவதில்லை, பிளாஸ்டிக் என்பதால். எனக்கென்னவோ அந்த உருண்டை முகத்தின் அப்பாவித்தனம் அதில் நன்றாகவே வந்திருப்பதாகப் படுகிறது. ஜாகுவாரைத் தூக்கிக் கொண்டாடிவிட்டு இதை ஒதுக்குவது ரசனை இல்லை, எடை பார்ப்பது.

ஹாட்வீல்ஸ் கோஷ்டி பற்றியும் ஒரு வார்த்தை. 1995 முதல் அந்தக் கம்பெனி, புதையல் வேட்டை என்று சில கார்களைக் குறைவாகச் செய்து மற்றவற்றோடு கலந்துவிடுகிறது. முதல் வருஷம் பன்னிரண்டு கார், ஒவ்வொன்றும் பத்தாயிரம். கடை திறக்கும் நேரத்துக்கு வளர்ந்த ஆண்கள் போய்க் கொக்கியைக் குடைகிறார்கள். கிடைத்ததை அட்டையைப் பிரிக்காமல் சுவரில் மாட்டுகிறார்கள், பிரித்தால் விலை போச்சு. பிரிக்காத காரைக் கையில் எடுத்து உருட்டவும் முடியாது, கவிழ்க்கவும் முடியாது. பக்கத்தில் குழந்தை வெறுங்கையோடு நிற்கிறது.

இத்தனைக்கும் நாம் இப்போது அச்சு இரவல் வாங்கும் ஊர் இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998 முதல் ஹூண்டாய். ஒரகடத்திலிருந்து 2010 முதல் நிசானும் ரெனோவும். அமெரிக்காவில் 2018இல் விற்க ஆரம்பித்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட், மறைமலைநகரில் செய்து கப்பலேற்றியது. அங்கே கார் வருவது 2022இல் நின்றுபோனது. உத்தர்பாராவும் மூடியாகிவிட்டது. அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் 2017இல் பிரெஞ்சு பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனது.

இப்போது எஃகு அச்சு இல்லாமலே பத்து கார், இருபது கார் என்று செய்ய வழி வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் வடிவம் வரைந்து கொடுத்தால் முப்பரிமாண பிரின்டர் ரெசினில் உடம்பைத் துப்பிவிடும். இழைத்து வர்ணம் அடிப்பது உங்கள் பாடு. உலோக எடை இருக்காது, பரவாயில்லை. சென்னையிலும் கோவையிலும் இதைச் செய்யத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். ஷெட்டில் தார்ப்பாய் போட்டு நாலு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர் யாராவது டேப்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை உள்ளே விட வேண்டும். பின்கதவின் அடிப்பகுதியை முதலில் அளக்கச் சொல்லுங்கள், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.