அச்சத்தின் நான்கு வாயில்கள்: திரில்லர் படங்களும் எல்லைத் தமிழரும்

'திரில்லர்' என்று மக்கள் வழங்கும் திரைப்படங்கள் யாவும் ஓரினத்தவை என்றே பலரும் கருதுகின்றனர். கொலை நிகழினும் திரில்லர். பேய் தோன்றினும் திரில்லர். காவலர் துரத்தினும் திரில்லர். ஆயின் ஒரு படம் வென்றதா தோற்றதா என்று கூறுமுன், அஃது எவ்வகை அச்சத்தை ஊட்ட முனைந்தது என வினவுதல் திறனாய்வின் முதற்கடமையாகும்.

இதற்கு வேண்டிய அளவுகோல் நம் இலக்கணத்திலேயே உளது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைக் கூறுகின்றார். இறை என்பது ஈண்டு அரசனைக் குறிக்கும். இந்நான்கினையும் கொண்டு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் இருமொழிப் படங்களையும் கண்டு வளரும் நாம், நமக்குரிய சில படங்களை நோக்குவோம்.

முதலாவது, கள்வர் தரும் அச்சம். மலையாளத்தின் முதற்படமான 'விகதகுமாரன்' இவ்வகையினதே. அகத்தீசுவரத்தைச் சார்ந்த ஜே. சி. டேனியல் நிலத்தை விற்றுப் பொருள் திரட்டி எடுத்த அம்மௌனப்படம் 1930-இல் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டது. 1928 என்பாரும் உளர். திருவிதாங்கூர்ச் சிறுவன் ஒருவன் இலங்கைக்குக் கடத்தப்படுவதே அதன் கதை. கடல் கடந்து தோட்டங்களுக்குச் சென்ற மக்கள் மிகுந்த நாட்டில், அது வெறுங்கற்பனை அச்சமன்று. தமிழில் இவ்வகையின் சிகரம் எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954). பாட்டொன்றும் இன்றி, ஒரு கொலையைப் பலர் வாய்மொழியாகப் பலவாறு காட்டி, நாட்டைக் காட்டிக் கொடுத்த கள்வன் வீட்டினுள்ளேயே இருந்தான் என முடிப்பது அது. கே. ஜி. ஜார்ஜின் 'யவனிகா' (1982), காணாமற்போன தபேலாக் கலைஞனைத் தேடும் வழியே ஒரு நாடகக் குழுவின் வாழ்வையே திறந்து காட்டுகின்றது. துப்பறியும் படத்தில் விடையினும் விசாரணையே பெரிது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இரண்டாவது, விலங்கு தரும் அச்சம். மனிதனே விலங்காகும் நிலை. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) ஆகிய இரண்டும் பெண்களைக் கொல்லும் ஆடவரைப் பற்றியன. இரண்டும் நோயின் வேரை இளமைக் காயத்தில் தேடுகின்றன. முன்னது, மணம்புரிந்து வந்த வீட்டிலேயே உண்மையை அறிந்துகொள்ளும் பெண்ணுக்காக நம்மை நடுங்கச் செய்கின்றது. பின்னது கொலைஞன்பால் இரக்கத்தைக் கோருகின்றது. ஆயின் கொல்லப்பட்ட பெண்களுக்கு இரண்டும் ஒரு வரலாறு தரவில்லை. அஃது இவ்வகையின் தீராத குறை என்றே நாம் கொள்கின்றோம்.

மூன்றாவது, இறை தரும் அச்சம். அதிகாரம் துரத்தும் கதை. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் நின்ற 'அம்மச்சிப் பிலாவு' என்னும் பலாமரத்தின் பொந்தில், பகைவரிடமிருந்து மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்தார் என்பது மரபு. அவரைத் தலைவராகக் கொண்ட சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை (1891), நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் 1933-இல் மௌனப்படமாக்கினார். பதிப்புரிமை வழக்கினால் அது முடங்கியது. அதன் நேர்வழித் தோன்றல் என 'த்ருஷ்யம்' (2013) படத்தைக் கூறலாம். குற்றம் நம் கண்முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. 'யார் செய்தார்' என்னும் வினா மறைந்து, 'எளிய குடும்பம் காவல்துறைக்குத் தப்புமா' என்னும் வினா எழுகின்றது. ஜீத்து ஜோசப் அதனையே 'பாபநாசம்' (2015) எனத் தமிழில் எடுத்தபோது, கதை பெரிதும் மாறவில்லை. நாயகன் நெஞ்சு மாறிற்று. மோகன்லால் இறுதிவரை அடக்கம் காக்கின்றார். கமல்ஹாசன் உடைந்து அழுகின்றார். அடக்கம் அச்சத்தை வளர்க்கின்றது; அழுகை அறத்தைப் பேசுகின்றது. திரில்லர் என்ற அளவில் முன்னதே உயர்ந்தது என்பது நம் துணிபு.

நான்காவது அணங்கு. நம்மை மிக நெருங்கித் தீண்டுவது இதுவே. பாசிலின் 'மணிச்சித்ரத்தாழ்' (1993) படத்தின் சில பகுதிகள் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டன. தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் பொறுப்பில் நிற்கும் அவ்வரண்மனையே எல்லை வாழ்வின் உருவம். பேயாகத் தோன்றி மனநோயாக முடியும் அக்கதையில், தஞ்சையிலிருந்து கொணரப்பட்ட நாட்டியப்பெண் நாகவல்லி பேசுவது தமிழ். மருமகள் கங்கையின் வாயில் தமிழ் பிறந்தவுடன் அரங்கம் அஞ்சுகின்றது. அக்கதை 'சந்திரமுகி' (2005) எனத் தமிழுக்கு வந்தபோதோ, ஆடற்பெண் தெலுங்கு பேசுகின்றாள். அண்டை மொழியையே அணங்கின் மொழியாக்குதல் இவ்வகையின் மரபு போலும்!

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவ்வெல்லைக்கு இப்பால் வாழும் நம் குழந்தைகளுக்கு நாகவல்லியின் மொழி வீட்டுமொழி. பள்ளித் தோழர் அஞ்சும் இடத்தில் அவர்களுக்குப் பொருள் விளங்குகின்றது. பொருள் விளங்கியோர்க்கு அவள் பேயாகத் தோன்றாள். காதலனோடு வாழ விரும்பியமைக்காகக் காரணவரால் கொல்லப்பட்ட பெண்ணாகவே தோன்றுவாள். அச்சம் அழுகையாக மாறும் அவ்விடத்தில்தான் படத்தின் முழு ஆழமும் உள்ளது. அதனை உரையின்றி உணரும் பேறு இருமொழியாளர்க்கே எளிதில் வாய்க்கும்.

ஆகவே பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். வீட்டில் தமிழ் பேசக் கூசும் பிள்ளையிடம் மொழிப்பற்று குறித்துச் சொற்பொழிவாற்ற வேண்டுவதில்லை. அப்படத்தை உடனிருந்து காணுங்கள். நாகவல்லி என்ன சொல்கின்றாள் என்று கேளுங்கள். விடை கூறும் பிள்ளை, தன் மொழி அஞ்சத்தக்கதன்று, அறியத்தக்கது என்பதனைத் தானே தெளியும்.