மன ஆறுதலும் மலையகப் பாட்டும்

அண்மைக் காலமாக ஓர் உபதேசம் மலையேறி வந்து நம்மவரிடையேயும் உலவத் தொடங்கியிருக்கிறது. மனம் சோர்வுற்றால் உன்னை நீயே பேணிக்கொள். பாடு, வரை, எழுது. உள்ளம் நலம்பெறும் என்பது அவ்வுபதேசம். ஒக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல தினத்தன்று, மேடைகளிலும் இது ஓதப்படுகிறது. இதனைப் பொய்யென்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. ஆயினும், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பாலுள்ள டயகமத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் நாளோடு வைத்து இதனைச் சோதித்துப் பார்ப்பது விமரிசகன் கடனாகும்.

அவள் விடியுமுன் எழுந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு மலைக்குப் போகிறாள். குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடில் அன்று அரைப்பேர்தான். அதாவது, அரைநாட் சம்பளம். மாலையில் லயத்துக்குத் திரும்பினால் மீண்டும் அதே அடுப்பு. இவளிடம் 'உன்னைப் பேணிக்கொள்' என்று கூறுவோர், ஓய்ந்திருக்க நேரமும் தனித்திருக்க ஓர் அறையும் இவளுக்கு ஏற்கெனவே உண்டென்று எண்ணிவிடுகின்றனர். துயரின் காரணம் இவள் மனத்துக்குள்ளேதான் இருக்கிறதென்று சொல்லாமற் சொல்லியும் விடுகின்றனர்.

அப்படியாயின், இப்பெண்களிடம் சிருஷ்டி இருந்ததில்லையா? நிறைய இருந்தது. அதற்குச் சான்று சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து, 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி., 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றவராக்கியதைக் கண்டவர். ஏட்டில் எழுதத் தெரியாதோர் வாயில் வாழ்ந்த பாட்டுக்களை இலக்கியமென மதித்துச் சேகரித்தது அவருடைய பெருந்தொண்டு. கடல் கடந்து வந்த கதையும், கங்காணியின் கொடுமையும், பிள்ளைமேற் கொண்ட ஆசையும் மலையகப் பாட்டுக்களில் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இழவு வீட்டில் ஒருத்தி ஒப்பாரி எடுக்க, அருகிருப்பவள் தன் வீட்டுத் துயரையும் அதனுள் இட்டு அழுகிறாள். துயருக்கு ஒரு பெயர் கிடைக்கிறது, கேட்பவரும் கிடைக்கின்றனர். ஆறுதல் பிறப்பது இவ்விரண்டாலுமே. மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தும் இத்தகையதே. சிவனால் எரிக்கப்பட்ட மன்மதனுக்காக ரதி புலம்பும்போது, நள்ளிரவுப் பனியில் நிற்கும் தோட்டமே அவளோடு புலம்புகிறது. மன்மதன் மீண்டும் எழுப்பப்படுகையில் தோட்டமே மூச்சு விடுகிறது.

எனினும் பழமையை வியந்து நின்றுவிடுவது நமக்கு ஒவ்வாது. தப்படிப்பவர் யார் என்பதைச் சாதி தீர்மானித்தது. ரதியின் வேடத்தையும் ஆணே ஏற்றான். தன் துயரைத் தானே ஆடிக்காட்டப் பெண்ணுக்கு அங்கே இடமிருக்கவில்லை. கூத்து முடிந்து விடிந்ததும் அதே பிரட்டுக்களம், அதே கங்காணி.

ஆகவே இருவகைத் தவறுகளை நாம் மறுக்க வேண்டியிருக்கிறது. கலையைத் தூக்க மருந்தாக்கித் தொழிலாளியை அமைதிப்படுத்த நினைப்பது ஒன்று. கூலியும் காணியும் வீடும் கிடைத்தபின் பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இத்தவறு நம் அணியிலேயே மிகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் வெளியிட்ட அறிக்கை, 3000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நோயைத் தடுப்பதிலும் நலத்தை வளர்ப்பதிலும் கலைகளுக்குப் பங்குண்டெனக் கூறுகிறது. சம்பளப் போராட்டத்தில் நிற்பவனுக்கும் உள்ளம் என ஒன்றுண்டு. உள்ளம் ஒடிந்தவன் நெடுநாள் போராடவும் இயலாது.

எம் வகுப்பறையில் நேர்ந்ததையும் கூறுவோம். 'மலையகத்தின் அழகு' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். எல்லாக் கொப்பிகளிலும் ஒரே பச்சைக் கம்பளம் விரிந்திருந்தது. குற்றம் எம்முடையது, நாம் கற்பித்த நடையைத்தான் அவர்கள் திருப்பித் தந்தனர். மறுவாரம் 'நேற்று மாலை எங்கள் வீட்டில்' என்று எழுதச் சொன்னோம். மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குச் சென்ற தாயின் தொலைபேசி அழைப்புக்காகத் தம்பியை உறங்கவிடாது வைத்திருந்ததை ஒரு மாணவி எழுதியிருந்தாள். எழுத்துப்பிழைகள் மலிந்த அக்கட்டுரையை அவள் இசைவோடு வகுப்பில் வாசித்தபோது, வேறு மூவர் தாமும் அவ்வாறு காத்திருந்ததுண்டு என்றனர். அதன்பின் அப்பிள்ளை முன்போல் மூலையிலிருந்து மௌனம் காக்கவில்லை. தாய் திரும்பி வரவுமில்லை. இவ்விரண்டும் சேர்ந்ததே உண்மை.

ஆசிரியராயும் மாணவராயும் உள்ள நம் வாசகர் செய்யக்கூடியது யாது? முதியோர் வாயில் இன்னும் எஞ்சியிருக்கும் பாட்டைக் கேட்டு எழுதிவைக்கலாம். பிள்ளைகளின் கொப்பியில் பச்சைக் கம்பளத்துக்குப் பதில் அவர்தம் வீடு இடம்பெறச் செய்யலாம். தோட்டந்தோறும் ஒரு வாசிகசாலையும், பெண்களுக்கு வாரத்தில் ஒரு மாலை ஓய்வும் வேண்டுமென்பதைச் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்தே தொழிற்சங்கங்களிடம் வற்புறுத்தலாம். அந்த மாலை கிடைத்தபின் 'பாடு' என்று எவரும் அவளுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அதுவரை, உபதேசிப்போர் முதலில் அவள் கூடையின் பாரத்தை நிறுத்துப் பார்க்கட்டும்.