கஞ்சிக்கு யார் அரிசி?

ரமலான் மாதத்தில் திருநெல்வேலி மேலப்பாளையம் தெருக்களில் அஸர் தொழுகை முடிந்த கையோடு தூக்குவாளிகள் கிளம்பிவிடும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி எல்லாம் மதியத்திலிருந்தே தேக்சாவில் குழைந்து கிடக்க, கடைசியாகத் தேங்காய்ப்பால் விழும்போது எழுகிற மணம் தெருமுனை வரை வரும். வரிசையில் நோன்பாளி வீட்டுப் பிள்ளைகளோடு, காய்ச்சலில் கிடக்கும் பேரனுக்காக வந்த இந்து ஆச்சியும் நிற்பார். ஊற்றுகிறவர் கேட்பது ஒன்றுதான்: “வீட்ல எத்தனை பேரு?”

இந்தக் கேள்வியில்தான் நோன்புக் கஞ்சியின் மேன்மை இருக்கிறது. பணக்காரர் வாளியிலும் கூலிக்காரர் வாளியிலும் ஒரே கஞ்சி விழுவதால், வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை.

இலங்கையில் கொழும்பு மருதானையிலும் காத்தான்குடியிலும் இதே நேரத்தில் கஞ்சி கொதிக்கிறது. அங்கே ரம்பையும் கறுவாப்பட்டையும் மணக்கும். தொட்டுக்கொள்ள வடைக்குப் பதில் சமோசா, கட்லட். ருசியைவிடப் பெரிய வேறுபாடு அரிசி வரும் வழியில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2001 முதல் பள்ளிவாசல்களுக்கு அரசே பச்சரிசி கொடுத்துவருகிறது. 2020இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் ஒதுக்கினார்கள். ஊரடங்கால் அந்த ஆண்டு பள்ளிவாசலில் அடுப்பு எரியவில்லை. அரிசியாகவே வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏழை ஊரின் சின்னப் பள்ளிவாசலுக்கு இந்த அரிசி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கணக்கு எழுதுகிற முத்தவல்லியிடம் (பள்ளிவாசல் நிர்வாகியிடம்) கேட்டால் தெரியும். கறி, விறகு போன்ற மற்றச் செலவுக்கு மட்டும் அவர் ஆள் பார்த்தால் போதும்.

இலங்கையில் சவூதி அரேபியா அன்பளிப்பாக அனுப்பும் பேரீச்சம்பழம் அரசுத் திணைக்களம் வழியாகப் பள்ளிவாசல்களுக்குப் போய்ச் சேருகிறது. கஞ்சிப் பானையின் பாரமோ பெரும்பாலும் அந்தந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவின் தோளில். அரிசி, தேங்காய், இறைச்சி, சமையல்காரர் கூலி எல்லாம் ஊரார் தருவதுதான்.

அந்தப் பாரம் எவ்வளவு கனம் என்பது 2022 ஏப்ரலில் வந்த ரமலானில் தெரிந்தது. முந்தைய ஆண்டு அரசு விதித்த இரசாயன உரத்தடையால் நெல் விளைச்சல் சரிந்து அரிசி விலை ஏறியிருந்தது. சமையல் எரிவாயுவுக்கு மக்கள் தெருவில் காத்துக் கிடந்தார்கள். தன் வீட்டு உலையே கேள்விக்குறியான குடும்பம், ஊர்ப் பானைக்கும் அரிசி அளக்க வேண்டிய காலம் அது. அந்த நோன்பு மாதத்தில்தான், அரசை எதிர்த்து மக்கள் திரண்ட கொழும்பு காலிமுகத்திடல் போராட்டக்களத்தில் முஸ்லிம்கள் நோன்பு திறந்தபோது, சிங்களவரும் தமிழரும் அவர்களோடு அமர்ந்து உண்டார்கள். மூன்றே ஆண்டுக்கு முன், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் வந்த ரமலானில், பழி தம்மீது விழுமோ என்ற அச்சத்தோடு நோன்பு நோற்ற சமூகம் அது என்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

தலைப்பிறைக்கு முன்பே முப்பது நாளுக்கும் கஞ்சிச் செலவை ஏற்பவர்களின் பெயர் எழுதிக்கொள்ளும் வழக்கம் இரு கரையிலும் உண்டு. ஒருவர் மௌத்தான (இறந்துபோன) உம்மாவின் பேரில் ஒரு நாளை ஏற்பார். முழு நாளுக்கு வசதியில்லாதவர் பத்துத் தேங்காயைக் கொண்டுவந்து வைப்பார். அதுவும் அன்றைய பானைக்குள்தான் போகிறது.