படப்பிடிப்புக்குப் போகும் மொறிஸ் மைனர்

கொழும்பு மட்டக்குளியில் பழைய கார் வைத்திருப்பவருக்கு முதல் எதிரி கடற்காற்றுதான். களனி கங்கை கடலோடு சேரும் அந்த மூலையில் உப்பு தகரத்தை விடாமல் அரிக்கிறது. டிங்கரிங் பாஸுக்குக் கொடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்த ஒருவரிடம் படக் கம்பனி வந்து காரை வாடகைக்குக் கேட்டால் அவர் மறுப்பாரா? மறுக்கவும் தேவையில்லை. கொடுக்கிற விதத்தில்தான் கோளாறு.

நன்மையை முதலில் சொல்லிவிடலாம். ஓடாமல் நிற்கும் காரின் பெற்றோல் டாங்கியில் துரு படியும், பிரேக் சிலிண்டர் இறுகிப்போகும். படப்பிடிப்பு என்றால் அதற்கு முன்னாவது எல்லாம் கழற்றிப் பார்க்கப்படும். கொழும்புக்கும் இதில் ஒரு வசதி உண்டு. இயக்குநர் தீபா மேத்தா 2011இல் 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' படத்தை இங்கேதான் எடுத்தார். பம்பாயாகவும் கராச்சியாகவும் கொழும்பு நடித்தது. மூன்று நகரங்களிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான், பிரித்தானிய கார்களும் ஏறக்குறைய அதே வகைதான். இலக்கத் தகட்டை மாற்றினால் போதும்.

அந்தத் தகட்டில்தான் எங்கள் கதை இருக்கிறது. 1957 ஜனவரியிலிருந்து புதிய வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராடியது. 1958 மார்ச்சில் அரசுடைமையான பஸ்கள் அதே எழுத்தோடு வடக்கே போனபோது, அங்கே தார் பூசி அழித்தார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார். மே மாதத்தில் கலவரம். ஆகவே 1955இல் நடக்கும் காட்சியில் ஸ்ரீ தகட்டோடு ஒரு கார் நின்றால் அது சிறு பிழையல்ல. ஒரு நாட்டின் சண்டை இரண்டு ஆண்டு முந்திவிடுகிறது. கலை இயக்குநருக்கு இது தெரியாமல் போகலாம். காரின் சொந்தக்காரருக்குத் தெரியும், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

காலத்துக்கு மொறிஸ் மைனரே இன்னொரு சாட்சி. 1948 முதல் 1971 வரை உற்பத்தியான கார் அது. முன்கண்ணாடி நடுவில் பிளந்திருந்தால் 1956க்கு முந்தியது, ஒரே கண்ணாடி என்றால் பிந்தியது. சினிமாவுக்கோ எல்லாமே 'பழைய கார்'. பளபளவென்று மெழுகு போட்டு நிறுத்திவிடுவார்கள். அந்தக் காலத் தெருவில் சேறு இல்லாமலா கார் ஓடியது?

இயந்திரத்தின் பாடு தனி. ஒரே காட்சிக்கு மறுபடி மறுபடி எடுத்து நிறுத்தும்போது கிளச் தேயும். வெயிலில் எஞ்சினை ஓடவிட்டு வெளிச்சம் சரியாகும்வரை காத்திருந்தால் ரேடியேட்டர் கொதிக்கும். டிரம் பிரேக்கின் குணம் தெரியாத நடிகரிடம் திறப்பைக் கொடுப்பது சுத்த முட்டாள்தனம். தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட வாகனத்தின் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. சிநேகிதத்துக்காக வாய்ப்பேச்சில் காரைக் கொடுக்கும் நம்மவர்கள் கவனிக்காதது இதைத்தான். கார் போகும் இடமெல்லாம் சொந்தக்காரரோ அவருடைய சாரதியோ கூடப் போகவேண்டும். சேதத்துக்கு யார் பொறுப்பு என்பது கடுதாசியில் இருக்கவேண்டும்.

பிழை காரோடு நிற்பதில்லை. ஷியாம் செல்வதுரையின் 1994 நாவலை வைத்துத் தீபா மேத்தா எடுத்த 'ஃபனி போய்' 2020இல் வந்தபோது, நடிகர்களின் தமிழ் உச்சரிப்பைத் தமிழர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். நியாயமான கண்டனம். காருக்கு ஆண்டு பார்ப்பவர்கள் பேச்சுக்கும் ஊர் பார்க்கவேண்டும். அந்தக் கதை 1983 ஜூலைக் கலவரத்தில் போய் முடிகிறது. அந்த ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளோடு கார்களும் எரிந்தன. வேறு சில கார்கள் வெளிநாடு போகும் அவசரத்தில் கிடைத்த விலைக்குப் போயின. அதனால் இன்று ஒரு தமிழ்க் குடும்பத்தில் தப்பிக் கிடக்கும் ஒஸ்டின் காரை எரியும் தெருவில் நிறுத்தக் கேட்பது சும்மா வாடகைப் பேரம் அல்ல. ஓரமாக நிற்கும் காட்சி என்றால் கொடுக்கலாம், அந்தக் கதை சொல்லப்படவேண்டியதே. தீ அருகில் வரும் காட்சிக்கு மட்டும், பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் எஞ்சின் கழற்றிய கோது ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும்.