அழுக்கும் சட்டமும்

பழங்கட்டடத்தின் வயது அதன் மேற்பரப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதனை அழுக்கெனக் கருதிச் சுரண்டி எறிவோர், தம்மையறியாமல் வரலாற்று ஏட்டையே கிழிக்கின்றனர். தமிழகக் கோயில்களே இதற்குச் சான்று.

குடமுழுக்குக்கு முன் எண்ணெய்ப் பிசுக்கையும் பழைய சுண்ணாம்புப் பூச்சையும் விரைந்து அகற்றும் பொருட்டு, அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சும் மணல் வீச்சு முறை அங்குக் கையாளப்பட்டது. மணல் கருங்கல்லின் தோலை அரிக்கிறது; சிற்பத்தின் நுட்பம் மழுங்குகிறது; கல்வெட்டெழுத்துத் தேய்கிறது. நிலக்கொடையும் வரியும் ஊர்ச்சபை முடிவும் கூறும் எழுத்து ஒருமுறை அழிந்தால் அதனை மீட்பார் எவருமிலர்.

அறநிலையத்துறை இம்முறையை இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே தடை செய்தது. 1958-ம் ஆண்டின் இந்தியச் சட்டமும் 1966-ம் ஆண்டின் தமிழகச் சட்டமும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைப்போரைத் தண்டிக்கின்றன. ஆனால் துறையின் பொறுப்பிலுள்ள 40,000-க்கும் மேற்பட்ட கோயில்களுள் பெரும்பாலானவை அப்பட்டியல்களில் இல்லை. கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றம் 75 கட்டளைகளை இட நேர்ந்தமை, குறையின் அளவைக் காட்டும்.

மலாக்காவின் நிலை யாது? கிளேபாங் கரையில் வீசும் உப்புக்காற்றே நகரத்துப் பழஞ்சுவர்களையும் தழுவுகிறது. அங்குள்ளவை செங்கல்லும் செம்புரைக்கல்லும் சுண்ணச் சாந்தும் ஆகும், கருங்கல்லினும் மென்மையானவை. சூளையில் இறுகிய செங்கல்லின் மேல்தோல் போயின், நீரும் உப்பும் உள்ளே புகுந்து கல்லைப் பொடியாக்கும். டச்சுக்காரரின் ஸ்டாடைஸ் மாளிகைக்கும், மலாக்காச் செட்டிகள் 1781-ல் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயத்துக்கும் இவ்விதி ஒன்றே.

மாநிலத்தின் 1988-ம் ஆண்டுச் சட்டமும், நாட்டின் 2005-ம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டமும் காப்புக்கென உள்ளன. அனுமதியின்றி மரபுச் சின்னத்தைச் சிதைத்தல் குற்றமாகும். எனினும் “சிதைத்தல்” என்ற சொல் போதாது. மணல் வீசியவர், “யான் தூய்மை செய்தேனேயன்றிச் சிதைக்கவில்லை” என வாதிடலாம். சேதம் மெய்ப்பிக்கப்படும்போது சுவரின் தோல் இராது. பட்டியலில் இடம்பெறாத தோட்டக் கோயில்களுக்கோ அச்சொல்லின் துணையும் இல்லை.

அமெரிக்க விதி இதனினும் தெளிவானது. 1976-ம் ஆண்டு வரிச்சட்டத்தையொட்டி எழுந்த சீரமைப்பு நெறிகள், மணல் வீச்சைப் பெயர் சொல்லியே விலக்கின. நெறி மீறியவருக்கு வரிச்சலுகை கிட்டாது. குற்றத்தை விளைவால் அளவாது, முறையாலேயே அளந்த அறிவு அது.

பழமையைக் காப்பது அழுக்கைப் போற்றுவதாகாது. பிசுக்கும் கரியும் பாசியும் நீங்கவே வேண்டும். மென்மையான தூரிகையும் அழுத்தமற்ற நீரும், மறைவான ஓரிடத்தில் முதலிற் செய்து பார்க்கும் பொறுமையும் அதற்குப் போதும். திருப்பணிக் குழுக்கள் ஒப்பந்தத்தில் மணல் வீச்சு கூடாதென ஒரு வரி சேர்த்தல் எளிது. சட்டம் சொல்லத் தயங்கும் அவ்வரியைச் சமூகமே முன்னின்று எழுதுவது கடனாகும்.